கதை பாட்டாகும்போது

நுழையும்முன்

நாம் படித்த கதையொன்று நாடகமாகவோ படமாகவோ வரும்போது, 'நூலில் இருந்தபடி இல்லையே' என்று குறைப்படுகிறோம். அக்குறை எப்போதும் சரியான அளவுகோல் ஆகுமா? ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையையும், அதனைப் பாட்டும் ஆட்டமுமாக்கி அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய இரண்டு படைப்புகளையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

சாவித்துளையில் ஒரு பாட்டு

1843ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இலண்டனில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'ஒரு கிறிஸ்துமஸ் கரோல்'. கரோல் என்பது பண்டிகைக் காலத்தில் வீடுவீடாகச் சென்று பாடும் பாட்டு. நூலுக்குப் பாட்டின் பெயரைச் சூட்டியதோடு டிக்கன்ஸ் நிறைவடையவில்லை. நூலின் ஐந்து பகுதிகளையும் இயல் என்றோ அத்தியாயம் என்றோ அழைக்காமல் 'ஸ்டேவ்' என்று அழைத்தார். பாட்டின் ஓர் அடுக்கையும் இசைக்குறிப்பு எழுதும் ஐந்து கோடுகளையும் குறிக்கும் சொல் அது. உரைநடையில் ஒரு பாட்டை எழுதுவதாகவே அவர் எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால், அந்நூலின் தொடக்கத்திலேயே ஒரு பாட்டு பாதியில் அறுபடுகிறது. பனி கொட்டும் மாலைப்பொழுது. பசியும் குளிரும் வாட்டும் சிறுவன் ஒருவன் வட்டிக்கடைக்காரர் எபனேசர் ஸ்குரூஜின் அலுவலகக் கதவருகே குனிகிறான். சாவித்துளையில் வாய் வைத்து ஒரு கரோல் பாடத் தொடங்குகிறான். ஸ்குரூஜ் மேசையிலிருந்த அளவுகோலைப் பாய்ந்து எடுக்கிறார். சிறுவன் அஞ்சி ஓடிவிடுகிறான். பாட்டு நின்றுவிடுகிறது. இச்சிறுவனை நினைவில் வைத்துக்கொள்வோம். இவன் பின்னர் நமக்குத் தேவைப்படுவான்.

எஞ்சிய கதை உலகறிந்தது. எவருக்கும் எதையும் ஈயாத ஸ்குரூஜ், தம் எழுத்தர் பாப் கிராட்சிட்டை ஒற்றை நிலக்கரித் துண்டின் அனலில் குளிர்காய விட்டுக் கசக்கிப் பிழிகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், ஏழாண்டுகளுக்கு முன் இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி சங்கிலிகளை இழுத்துக்கொண்டு வந்து எச்சரிக்கிறது. அதன்பின் மூன்று ஆவிகள் வருகின்றன. முதலாவது கடந்த காலத்தையும், இரண்டாவது நிகழ்காலத்தையும், மூன்றாவது வருங்காலத்தையும் காட்டுகின்றன. தம் இளமையையும், கிராட்சிட்டின் நோயுற்ற மகன் டைனி டிம்மையும், அழுவதற்கு ஆளில்லாத தம் கல்லறையையும் கண்ட ஸ்குரூஜ் விடியும்போது வேறு மனிதராகிறார்.

இதனை மனமாற்றக் கதை என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் புதிய வறியோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிழைக்க வழியற்றோர் 'வொர்க்ஹவுஸ்' எனப்பட்ட உழைப்பு விடுதிகளுக்குள் அடைக்கப்பட்டனர். அங்குக் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனியே பிரிக்கப்பட்டனர். சுரங்கங்களிலும் தொழிற்கூடங்களிலும் சிறுவர் படும் பாட்டை விளக்கும் அரசு அறிக்கையை 1843இல் படித்த டிக்கன்ஸ், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டு நூல் எழுத எண்ணினார். பின்னர் அதைக் கைவிட்டுக் கதையாக எழுதினார். எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களே ஆயின. கதைக்குள் இருக்கும் சினம் அந்த அறிக்கையிலிருந்து வந்தது. அறம் வேண்டி வந்த இருவரிடம், சிறைகள் இல்லையா, உழைப்பு விடுதிகள் இல்லையா என்று ஸ்குரூஜ் கேட்பது அக்காலத்துச் சட்டத்தின் குரலே.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. நூலின் விலை ஐந்து ஷில்லிங். கதையில் கிராட்சிட் வாங்கும் வாரக் கூலி பதினைந்து ஷில்லிங். தம்மைப் பற்றிய கதையை வாங்க வேண்டுமானால் கிராட்சிட் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும்! கிறிஸ்துமஸுக்கு முன் விற்றுத் தீர்ந்த ஆறாயிரம் படிகளும் பெரும்பாலும் வசதியுடையோர் வீடுகளுக்கே சென்றிருக்கும். வீட்டுக் கூடத்திலுள்ள பெட்டிக்குள் இக்கதை கட்டணமின்றி வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. தொலைக்காட்சி வடிவங்களை எளிதாகத் தள்ளிவிட இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டியவர் ஆசிரியரே

நூல் வெளிவந்து இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. 1844 பிப்ரவரியில் இலண்டன் மேடைகள் மூன்றில் இக்கதை நாடகமாயிற்று. அவற்றுள் எட்வர்ட் ஸ்டெர்லிங் அமைத்த வடிவத்துக்கு மட்டுமே டிக்கன்ஸின் இசைவு இருந்தது. பின்னர் 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகரில் டிக்கன்ஸே இக்கதையை மக்கள் முன் படித்துக் காட்டினார். 1870 மார்ச்சு மாதம் விடைபெறும் நிகழ்ச்சி வரை அவ்வாறு படித்துவந்தார். அதற்கென அவர் வைத்திருந்த படி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது. அதன் பக்கங்களில் அடித்தல்களும் திருத்தங்களும் நிறைந்துள்ளன. கேட்போர் எதிரே நிற்கும்போது எதை விடவேண்டும், எதை நீட்டவேண்டும் என்பதை ஆசிரியரே மாற்றிக்கொண்டிருந்தார். ஆகவே, 'ஒரு சொல்லும் மாறலாகாது' என்று வாதிடுவோர் டிக்கன்ஸைத் துணைக்கு அழைக்க முடியாது.

இத்தகைய மாற்றங்களைப் பகுத்துப் பார்க்க நம் இலக்கண மரபில் ஒரு கருவி உண்டு. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக்குகிறது. சுருக்குவதும் விரிப்பதும் வழிநூலின் இயல்புகள்; குற்றங்கள் அல்ல என்பதே இப்பகுப்பின் உட்பொருள். நாம் ஆராயவிருக்கும் இரண்டு தொலைக்காட்சிப் படைப்புகளில் ஒன்று தொகுக்கிறது, மற்றொன்று விரிக்கிறது. எதைத் தொகுத்தது, எதை விரித்தது, அதனால் கதைக்கு நேர்ந்தது என்ன என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.

சொல் திரும்பி வருதல்

டிக்கன்ஸின் உரைநடையில் கதைசொல்லி நம் தோளருகே நின்று பேசுகிறார், நகைக்கிறார், இடையிடையே சினம் கொள்கிறார். மேடையிலும் திரையிலும் முதலில் மறைவது அவர் குரலே. இசை நாடகத்தில் அவ்விடத்தைப் பாட்டு நிரப்பவேண்டும். ஆகையால், பாட்டு இனிமையாக உள்ளதா என்பதோடு மதிப்பீடு முடிவதில்லை. கதைசொல்லி செய்த வேலையைப் பாட்டு செய்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

அவ்வேலைகளுள் தலையாயது ஒன்று உண்டு. ஸ்குரூஜ் பிறர்மேல் வீசிய சொற்களையே கதை அவரிடம் திருப்பித் தருகிறது. சாகவேண்டியவர்கள் சாகட்டும், மிகையான மக்கள்தொகை குறையட்டும் என்று அறம் வேண்டி வந்தோரிடம் அவர் சொல்கிறார். டைனி டிம் பிழைப்பானா என்று அவரே கலங்கிக் கேட்கும்போது, நிகழ்கால ஆவி அதே சொற்களை அவர் காதில் போடுகிறது. பின்னர் அவ்வாவி தன் அங்கியை விலக்கி, எலும்பும் தோலுமான இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறது. சிறுவனின் பெயர் அறியாமை. சிறுமியின் பெயர் வறுமை. இவர்களுக்குப் புகலிடம் இல்லையா என்று ஸ்குரூஜ் கேட்கிறார். சிறைகள் இல்லையா, உழைப்பு விடுதிகள் இல்லையா என்னும் அவருடைய பழைய வினாவே அவருக்கு விடையாக வருகிறது. சொல் அதேதான், கேட்கும் செவி மாறிவிட்டது.

இசை நாடகத்தில் இதற்கு இணையான உத்தி ஒன்று உண்டு. நம் இசையில் பல்லவி ஒரே பாட்டுக்குள் மீண்டும் மீண்டும் வரும். மேலைநாட்டு இசை நாடகத்திலோ, முன்னர்ப் பாடிய முழுப் பாட்டே வேறொரு சூழலில் திரும்பி வரும். இதனை மீள்பாட்டு எனலாம். மெட்டு மாறாது, பாடுபவரின் நிலை மாறியிருக்கும். கேட்போர் இரண்டு நிலைகளையும் ஒருசேர உணர்வர். டிக்கன்ஸ் சொல்லால் செய்ததை இசையால் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழியில்லை. இக்கதையை இசை நாடகமாக்குவது பொருந்துமா என்று ஐயுறுவோர்க்கு இதுவே விடை.

மங்கிய கண்ணர் நடித்த ஸ்குரூஜ்

1962 டிசம்பர் 18ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சி 'மிஸ்டர் மாகூவின் கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் அசைவூட்டப் படத்தை ஒளிபரப்பியது. மிஸ்டர் மாகூ 1949 முதல் அமெரிக்கச் சிறுவர்கள் அறிந்திருந்த சிரிப்புப் பாத்திரம். கிட்டப்பார்வைக் குறையால் எதையும் வேறொன்றாகக் கண்டு மயங்கும் கிழவர் அவர். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஜிம் பாக்கஸ். படத்தை இயக்கியவர் ஏப் லெவிடோ. தொலைக்காட்சிக்கென்றே உருவான முதல் அசைவூட்டக் கிறிஸ்துமஸ் படம் என்று இதனைக் கூறுவர். இதன் நீளம் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

ஒரு கோமாளிப் பாத்திரத்தை ஸ்குரூஜாக்குவது கேலிக்கூத்தாக முடிந்திருக்கலாம். அவ்வாறு முடியாமைக்குக் காரணம் படத்தின் சட்டகம். நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில், மாகூ ஒரு நடிகராக ஸ்குரூஜ் வேடம் ஏற்கிறார் என்பதே அமைப்பு. சிரிப்பெல்லாம் பெரும்பாலும் அரங்குக்கு வரும் வழியிலும் நாடகம் முடிந்த பின்னரும் நிகழ்கின்றன. திரை விலகியதும் மாகூ தம் வேடத்தை மெய்யாகவே நடிக்கிறார். அங்கங்களுக்கு இடையே அரங்கின் திரை இறங்குகிறது. விளம்பரத்துக்காக விடவேண்டிய இடைவெளி நாடக இடைவேளையாகவே ஆகிவிடுகிறது. தொலைக்காட்சியின் கட்டாயத்தை இவ்வளவு நயமாகப் பயன்படுத்திய படங்கள் குறைவு. (பிற்கால ஒளிபரப்புகள் சிலவற்றில் நேரம் கருதி இச்சட்டகத்தையே நறுக்கிவிட்டனர். இதனைப் படத்தின் குறையாகக் கொள்வது முறையன்று.)

பாட்டுகளுக்கு இசையமைத்தவர் ஜூல் ஸ்டைன். எழுதியவர் பாப் மெரில். இவ்விருவருமே 1964இல் 'ஃபன்னி கேர்ள்' என்னும் புகழ்பெற்ற பிராட்வே இசை நாடகத்தை உருவாக்கியவர்கள். சிறுவர் படம்தானே என்று அவர்கள் கையைத் தளரவிடவில்லை. தொடக்கத்தில் ஸ்குரூஜ் நாணயங்களை எண்ணியவாறு அவற்றின் கலகல ஒலியைப் புகழ்ந்து பாடுகிறார். அப்பாட்டுக்கு ஊடாகவே கிராட்சிட்டின் மெல்லிய குரல் குளிரைச் சொல்லிப் புலம்புகிறது. முதலாளியின் மகிழ்ச்சியும் தொழிலாளியின் நடுக்கமும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. கதைசொல்லி இரண்டு பக்கங்களில் விளக்கியதை இப்பாட்டு இரண்டு நிமிடங்களில் உணர்த்திவிடுகிறது. படத்தின் முடிவில் அதே மெட்டு திரும்பி வருகிறது; இப்போது நாணயங்கள் பிறர் கைக்குச் செல்லும்போது ஒலிக்கின்றன. மீள்பாட்டின் பயனை இதைவிட எளிதாக விளக்கும் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

இன்னும் ஆழமானது தனிமைப் பாட்டு. விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குச் சென்றபின், பள்ளியில் தனித்து விடப்பட்ட சிறுவன் ஸ்குரூஜ் அதைப் பாடுகிறான். தன் கையைப் பற்ற ஒரு கை இல்லையே என்பதுதான் அதன் ஏக்கம். தம் இளமையைக் கண்டு நிற்கும் கிழவர் ஸ்குரூஜும் உடன்சேர்ந்து பாடுகிறார். சிறுவனுக்கு அவர் குரல் கேட்காது. அவருக்கோ சிறுவனின் குரல் தம் குரலாகவே கேட்கிறது. உரைநடையில் ஒருவர் பேசியபின் மற்றவர் பேசவேண்டும். ஒரே மனிதரின் இரண்டு வயதுகளை ஒரே நொடியில் ஒலிக்கச் செய்வது இசைக்கே இயலும். பின்னர்க் கல்லறைக் காட்சியிலும் இம்மெட்டு திரும்புகிறது. தனித்த சிறுவனும் தனித்த பிணமும் ஒரே பாட்டுக்குள் அடங்குகின்றனர். வண்ணங்களும் அசைவுகளும் சிக்கனமாக அமைந்த ஒரு படம் இவ்விடத்தில் எட்டும் உயரம் வியப்பளிக்கிறது.

அதற்காக இதன் குறைகளை மறைக்கவேண்டுவதில்லை. ஸ்குரூஜை விருந்துக்கு அழைக்கும் மருமகன் ஃபிரெட் இப்படத்தில் இல்லை. அது பொறுக்கத்தக்க தொகுத்தலே. கவலைக்குரியது ஆவிகளின் வரிசை. நூலில் கடந்த காலம் முதலில் வரும். இப்படத்திலோ நிகழ்காலம் முதலில் வருகிறது. இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். சாவித்துளைச் சிறுவனை இப்போது நினைவுக்குக் கொண்டுவருவோம்.

நூலில் கடந்த கால ஆவி ஸ்குரூஜை அவருடைய பழைய பள்ளிக்கு அழைத்துச் செல்கிறது. அணையப்போகும் நெருப்பருகே ஒரு சிறுவன் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். அலிபாபாவும் ராபின்சன் குரூசோவுமே அவனுக்குத் துணை. அவனைக் கண்டு ஸ்குரூஜ் அழுகிறார். கண்ணைத் துடைத்தபின் அவர் மனத்தில் எழும் முதல் எண்ணம் என்ன தெரியுமா? நேற்று மாலை தம் கதவருகே பாடிய சிறுவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்பதுதான். அவ்வளவே. டைனி டிம்மை அவர் இன்னும் காணவில்லை. தம்மீது கொண்ட இரக்கம் வழிந்து, முகமறியாத ஒரு சிறுவனை எட்டுகிறது. அதன் பின்னரே கிராட்சிட்டின் வீட்டுக்குள் அவரை அழைத்துச் செல்கிறார் டிக்கன்ஸ். மனம் நெகிழும் படிமுறை இது. படத்திலோ ஸ்குரூஜ் முதலில் டிம்முக்காக இரங்குகிறார். தம் இளமையைப் பிறகே காண்கிறார். இரக்கம் வருகிறது, அதன் வேர் தெரியவில்லை.

இம்மாற்றத்துக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லலாம். பாட்டுகளின் வரிசையை மட்டும் நோக்கினால் இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கிராட்சிட்டின் வீட்டில் உணவு இல்லை, ஆட்கள் நிறைந்திருக்கின்றனர். உலகில் எங்கும் விளையாத ஒரு பழத்தின் பெயரைச் சொல்லி அப்பண்டம் வேண்டுமென்கிறான் டிம். இருப்பதைக் கொண்டு எல்லாரும் மகிழ்ந்து பாடுகின்றனர். அந்தக் கூட்டுப்பாட்டைக் கேட்ட செவியோடு தனிமைப் பாட்டைக் கேட்கும்போது அதன் வெறுமை மிகுந்து ஒலிக்கிறது. கதையின் ஒழுங்கைக் கொடுத்து இசையின் ஒழுங்கை வாங்கியிருக்கிறார்கள். விலை சற்று மிகுதி என்பது என் கருத்து.

அங்கியின் கீழ் இருந்த இரண்டு குழந்தைகளும் இப்படத்தில் இல்லை. இதுவே பெரிய இழப்பு. சிறைகள் இல்லையா என்னும் வினா ஸ்குரூஜிடம் திரும்பி வரும் இடம் அதுவே அல்லவா? படத்தில் திரும்பி வருபவை நாணய ஒலியும் தனிமையும். இரண்டும் தனிமனிதரின் நெஞ்சுக்குள் நிகழ்பவை. தனித்திருந்தவர் துணை தேடினார், கருமி கைவிரித்தார் என்று கதை சுருங்குகிறது. ஒரு நாடு தன் குழந்தைகளை எப்படி நடத்தியது என்னும் வினா திரைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெரிய அரங்கிலிருந்து சிறிய திரைக்கு

இரண்டாவது படைப்பு வேறு வழியில் வந்தது. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்திலுள்ள பேரரங்கில் 1994 முதல் 2003 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஓர் இசை நாடகம் நடைபெற்றது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கு அது. இசை ஆலன் மென்கன். பாட்டுகள் லின் ஆரன்ஸ். இந்நாடகமே தொலைக்காட்சிப் படமாகி 2004 நவம்பர் 28ஆம் நாள் என்.பி.சி.யில் ஒளிபரப்பாயிற்று. ஸ்குரூஜாக நடித்தவர் கெல்சி கிராமர். இயக்கியவர் ஆர்தர் ஆலன் சைடல்மன்.

இப்படம் விரிக்கிறது. நூலில் ஸ்குரூஜின் தந்தையைப் பற்றி அவர் தங்கை சொல்லும் ஓரிரு சொற்களே உண்டு. முன்பு கடுமையாக இருந்தவர் இப்போது கனிந்திருக்கிறார் என்பதற்குமேல் ஏதும் அறியோம். படத்திலோ தந்தை கடனைத் தீர்க்க இயலாமல் கடனாளிச் சிறைக்குச் செல்கிறார், குடும்பம் சிதைகிறது, சிறுவன் ஸ்குரூஜ் அதைக் கண்ணாரக் காண்கிறான். இச்செய்தி எங்கிருந்து வந்தது? டிக்கன்ஸின் வாழ்விலிருந்தே வந்தது. 1824இல் அவர் தந்தை ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சார்லஸ் காலணி மெருகு செய்யும் கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். இவ்வடுவை அவர் வாழ்நாள் முழுவதும் மறைத்தார். அவர் மறைந்தபின் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே உலகம் அறிந்தது. ஆசிரியர் மறைத்ததை வழிநூலார் எடுத்து அவருடைய பாத்திரத்துக்கே அணிவித்துவிட்டனர்.

இது பொருந்துமா? பெருமளவு பொருந்துகிறது என்றே சொல்லவேண்டும். நூலில் ஸ்குரூஜை விட்டுப் பிரியும் பெல் என்னும் பெண், அவர் உலகத்தைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சுகிறார் என்கிறாள். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நூல் விடை கூறுவதில்லை. படம் கூறுகிறது. பணத்தைச் சேர்ப்பது பேராசையால் மட்டுமன்று, சிறைக்கதவின் நினைவாலும்தான் என்று காணும்போது, கடனாளிச் சிறை என்றால் என்னவென்று அறியாத இக்காலச் சிறுவருக்கும் அச்சட்டத்தின் கொடுமை புரிகிறது. 1962இன் படம் விட்டுவிட்ட சமூக வினா இங்கு வேறு வாயில் வழியே உள்ளே நுழைகிறது. ஆயினும், ஒவ்வொரு தீமைக்கும் ஒரு காரணத்தை முடிச்சிட்டுக் கொடுத்துவிட்டால், காண்போர் எண்ணிப் பார்ப்பதற்கு இடம் குறைந்துவிடுகிறது. டிக்கன்ஸ் விட்ட இடைவெளியில் நாம் நம் அச்சங்களை நிரப்பிக்கொள்ளலாம். இங்கு அது முன்பே நிரப்பப்பட்டுவிட்டது.

மூன்று ஆவிகளும் முதலில் இலண்டன் தெருவில் மனித வடிவில் எதிர்ப்படுவது இப்படத்தின் இன்னொரு சேர்க்கை. தெருவிளக்கு ஏற்றுபவரும், காட்சிக்கு ஆள் அழைப்பவரும், பார்வையற்ற மூதாட்டியும் ஸ்குரூஜை நெருங்க, அவர் மூவரையும் புறக்கணித்துச் செல்கிறார். இரவில் அவர்களே ஆவிகளாக வருகின்றனர். ஆவிகளின் அச்சமூட்டும் புதுமை இதனால் சற்றுக் குறைகிறது. ஆனால், நாள்தோறும் நம்மைக் கடந்து செல்வோரை நாம் காண்பதேயில்லை என்னும் கருத்து உரையாடல் எதுவும் இன்றியே பதிகிறது. நல்ல சேர்க்கை இது.

இடறுவது பாட்டுகளில்தான். மார்லி வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். நூலில் மார்லி அகன்றபின் ஸ்குரூஜ் சாளரத்தின் வழியே பார்க்கிறார். வானெங்கும் சங்கிலி பூண்ட ஆவிகள். அவற்றுள் ஒன்று, கீழே ஒரு வாயிற்படியில் கைக்குழந்தையோடு குளிரில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு உதவ முடியவில்லையே என்று கதறுகிறது. உதவ நினைக்கும்போது உதவும் ஆற்றல் போய்விட்டது. நரகம் என்று டிக்கன்ஸ் கருதியது அதையே. படத்தில் சங்கிலி பூண்ட ஆவிகள் கூட்டமாக ஆடிப் பாடுகின்றன. தாளம் விறுவிறுப்பாக உள்ளது; கண் அந்த ஆட்டத்தின்மேலேயே நின்றுவிடுகிறது. நிகழ்கால ஆவியின் காட்சியும் அவ்வாறே வரிசை வரிசையாக ஆடுவோரைக் கொண்ட பெருங்காட்சியாகிறது. ஐயாயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசையை எட்டவேண்டிய பாட்டும் ஆட்டமும் அவை. வீட்டுக் கூடத்தில், பத்தடித் தொலைவில் அமர்ந்திருப்பவரை எட்ட அவ்வளவு உரத்த குரல் தேவையில்லை. ஒளிப்படக்கருவி முகத்தருகே வந்து நிற்கும்போது ஒரு பெருமூச்சே போதுமானது. மேடையிலிருந்து சின்னத்திரைக்கு வரும் நாடகங்கள் பல இந்த அளவுமாற்றத்தை மறந்துவிடுகின்றன.

எது சிறந்தது?

பொருட்செலவையும் நடிகர் கூட்டத்தையும் கொண்டு மதிப்பிட்டால் 2004ஆம் ஆண்டுப் படமே மேம்பட்டது. நூலோடு ஒட்டிச் செல்வதைக் கொண்டு மதிப்பிட்டாலும் ஆவிகளின் வரிசையைக் காத்தது அதுவே. ஆனால், இசை நாடகமாக நோக்கும்போது 1962ஆம் ஆண்டுப் படத்தையே நான் உயர்வாக வைப்பேன். அதில் பாட்டுகளை நீக்கினால் கதை நடவாது. நாணயப் பாட்டும் தனிமைப் பாட்டும் போய்விட்டால் ஸ்குரூஜின் மாற்றத்துக்குச் சான்றே இராது. 2004இன் படத்தில் பாட்டுகள் பலவற்றை நீக்கினாலும் கதை நிற்கும். சில இடங்களில் இன்னும் விரைவாகவே நடக்கும். தழுவல் ஒன்றில் பாட்டு தூணா, தோரணமா என்று அறிய இச்சோதனை உதவும்.

இத்தீர்ப்பில் எனக்கே ஓர் உறுத்தல் உண்டு. டிசம்பர் மாத இரவில் இப்படங்களுள் ஒன்றைக் கண்ட குழந்தைகளில் எத்தனை பேர் பின்னர் நூலைத் தேடிப் படித்திருப்பர்? பலருக்கு அந்தப் படமே கதை. அறியாமை, வறுமை என்னும் பெயர் கொண்ட இரு குழந்தைகளைப் படம் காட்டவில்லையென்றால், அவர்களைப் பொறுத்தவரை அக்குழந்தைகள் பிறக்கவேயில்லை. சிறந்த பாட்டுகளைக் கொண்ட படமே அவர்களை மறைத்தது என்பது மனத்தை நெருடுகிறது. அழகாக அமைந்த தழுவல், மோசமான தழுவலைவிட எளிதாக நம்மை மறக்கச் செய்துவிடும்.

டிக்கன்ஸும் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடவில்லை. மறுநாள் காலையில் மனம் மாறிய ஸ்குரூஜ் சாளரத்தைத் திறந்து, தெருவில் நிற்கும் ஒரு சிறுவனை அழைக்கிறார். கடையிலுள்ள பெரிய வான்கோழியை வாங்கி வரச் செய்தால் ஒரு ஷில்லிங் தருவதாகவும், ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் அரைக் கிரௌன் தருவதாகவும் சொல்கிறார். கிராட்சிட்டின் ஊதியம் உயர்கிறது. டிம் பிழைக்கிறான். மருமகன் வீட்டு விருந்தில் அவருக்கு இடம் கிடைக்கிறது. அளவுகோலுக்கு அஞ்சி ஓடிய சிறுவன் மட்டும் நூலில் மீண்டும் வருவதேயில்லை. வான்கோழிக்கு ஓடிய சிறுவன் அவனல்லன். சாவித்துளையில் அவன் தொடங்கிய பாட்டு அங்கேயே நிற்கிறது.